திட்டு மட்டும் கேட்ட காது

எனக்கு இப்போது உடம்பு பரவாயில்லை. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள். வலிக்குமா, செல்போன் பேசலாமா, கரண்ட் போனால் நின்றுவிடுமா என்று கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நெஞ்சு வலியைவிட வாய் வலிதான் அதிகம். ஆனால் அதே ஆஸ்பத்திரியில் எனக்கு இருப்பதாகக் கண்டுபிடித்த இன்னொன்றை ஒருவரும் கேட்பதில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்தத் தெரியாத்தனத்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று முரண்டு பிடித்தேன். வயதானவர்களும் அவர்களோடு இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கல்யாணத் தரகன். பெயர் ராஜமாணிக்கம், வயது எழுபது, வீடு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில். இந்தத் தொழிலுக்கு மூலதனம் ஜாதகக் கட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காதுதான். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது நம் பக்கத்தில் எந்த மாப்பிள்ளை வீட்டாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? பஜ்ஜியைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். பிடித்தாலும் அதே வார்த்தை, பிடிக்காவிட்டாலும் அதே வார்த்தை. வித்தியாசம் குரலில் இருக்கும். அந்தக் குரலை வைத்தே, அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் நான் முடிவு சொல்லிவிடுவேன். தப்பினது அபூர்வம்.

போன வருஷம் திருவெறும்பூரில் ஒரு பெண் வீடு. லால்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று, “பொண்ணு லட்சணமா இருக்கா. எங்களுக்கு என்ன குறை? சொல்லி அனுப்புறோம்” என்றார். எனக்கு அது தேனாகக் கேட்டது. பெண்ணின் அப்பாவிடம், “முடிஞ்ச மாதிரிதாங்க” என்று கையைக் குலுக்கிவிட்டு வந்தேன். அந்த மனிதர் ஒரு வாரம் காத்திருந்து பார்த்தார். பிறகு நல்ல நாள் பார்த்து, பழம், பூ, தாம்பூலத் தட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு, சொந்தபந்தத்தோடு வேனில் லால்குடிக்கே போய் இறங்கிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா லுங்கியோடு வாசலில் நின்று, “என்ன விசேஷம்?” என்று கேட்டாராம்.

பெண்ணின் தாய்மாமன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். “அந்தம்மா பேசினப்பவே எங்களுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்க சொன்னீங்களேன்னுதான் நம்பினோம்” என்றார். அவர் கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

வீட்டிலும் அதே சமயத்தில் ஏதோ சரியில்லை. என் மனைவி பூங்கோதை சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நூறு பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்த தொண்டை அவளுக்கு. அவளுக்குக் கொஞ்சத் தெரியாது, திட்டத்தான் தெரியும். காலையில் நான் கொஞ்சம் தாமதமாக எழுந்தால், “எழுந்துட்டாரு மகாராஜா! காப்பி பல்லக்குல வரணுமா, இல்ல நடந்தே வரலாமா?” என்பாள். காலமெல்லாம் இதைக் கேட்டுச் சிரித்தபடிதான் காப்பி குடித்திருக்கிறேன். கொஞ்ச காலமாகச் சிரிப்பு வரவில்லை. இவள் மாறிவிட்டாள், என்னைப் பார்த்தாலே இவளுக்கு எரிச்சலாக இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

நான் ஒடுங்கினேன். இரண்டாவது காப்பி கேட்பதை நிறுத்தினேன். சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்தேன். “ஏன், நான் கழுவினா அழுக்கு போகாதா?” என்றாள். அதையும் சண்டைக்கு வருகிறாள் என்றே எடுத்துக்கொண்டு பேசாமல் நகர்ந்தேன். வயதானால் மனைவிக்குப் புருஷன் பாரம், ஊர் உலகத்தில் நடப்பதுதானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் விழுந்தேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். காதுக்குள் பஞ்சை அடைத்தது போல இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது யாரோ சோடா பாட்டிலை முகத்தருகே பிடித்திருந்தார்கள், யாரோ என் போனிலிருந்து என் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகள்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுத் தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள், அதாவது இதயத்துக்கு ஸ்கேன். இருதய டாக்டர் நிதானமான மனிதர். கட்டில் ஓரத்தில் நின்றபடி விளக்கினார். “ஐயா, இதயத்துக்குள்ள சின்னதா கரண்ட் ஓடுது. மேல் அறையிலேர்ந்து கீழ் அறைக்கு ‘துடி’ன்னு சேதி போகணும். உங்களுக்கு அந்தச் சேதி வழியிலயே நின்னுடுது. அதான் நாடி ரொம்ப மெதுவா ஓடுது, மயக்கம் வருது. பேஸ்மேக்கர் வெச்சா, எப்பல்லாம் துடிப்பு தாமதமாகுதோ அப்ப அது ஒரு தட்டு தட்டிவிடும்.” பெரிய ஆபரேஷன் இல்லை, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது, ஆனால் வைக்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தேன். டாக்டர், நர்ஸ், கூட்டிப் பெருக்குகிறவர்கள் என்று எல்லார் முகத்திலும் மாஸ்க். காய்ச்சல் பரவுகிற காலம், பார்க்க வருகிறவர்களும் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். தலைமாட்டில் ஒரு மிஷின் டிக் டிக் என்றது. அது கொஞ்சம் தாமதித்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். பயமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மாலையில் பூங்கோதையை உள்ளே விட்டார்கள். கூடவே கவிதா. கவிதா எங்கள் ஒரே மகள், துவாக்குடியில் காலேஜ் ஆபீசில் வேலை. பூங்கோதை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்ணாடிதான் தெரிந்தது, அதுவும் ஆவி படிந்து வெள்ளையாக. “நடு ரோட்டுல விழுந்து கிடக்கத்தான் வெள்ளையும் சொள்ளையுமா கிளம்பினீங்களா? என்னை ஒரு நாளாவது நிம்மதியா இருக்க விட்டிருக்கீங்களா நீங்க? போதும்ங்க. இனிமே என்னால முடியாது” என்றாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி நமக்கு எதற்கு மிஷின் என்று மனசு வெறுத்துப்போனது.

மறுநாள் காலை சம்மதப் படிவத்தோடு நர்ஸ் வந்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். டாக்டர் வந்து கேட்டார், அவரிடமும் அதையே சொன்னேன். கவிதாவுக்குத் தூக்கி வாரிப் போட்டது.

“என்னப்பா விளையாடுறீங்களா? பில்லை நினைச்சுச் சொல்றீங்களா? காப்பீட்டுக்கு எழுதியாச்சு, மீதியை நான் பார்த்துக்கறேன்.”

“பணம் இல்லம்மா. நேத்து உங்கம்மா சொன்னதைக் கேட்டதானே? அவளுக்குப் போதுமாம். முடியலையாம். அப்புறம் யாருக்காக நான் இதை வெச்சுக்கணும்?”

கவிதா என்னையே பார்த்தாள். “அப்பா, அம்மா அழுதுகிட்டேதானே சொன்னாங்க? குரல் உடைஞ்சு விட்டு விட்டுத்தான் வார்த்தையே வந்துச்சு. பக்கத்து பெட்டு அம்மாகூடக் கண்ணைத் துடைச்சுகிட்டாங்க. உங்களுக்குத் தெரியலையா?”

“அழுதாளா?” என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது, அழுகை மட்டும் விழவில்லை.

டாக்டர் கிளம்பப் போனவர் நின்றுவிட்டார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். “மூளையில வலது பக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டாலும் இப்படி, குரல்ல இருக்குற உணர்ச்சி பிடிபடாம போகலாம். எதுக்கும் பார்த்துடுவோம்” என்று தலைக்கு ஸ்கேன் எழுதினார். நாடியை இன்னும் கொஞ்ச நேரம் மருந்தில் பிடித்து வைக்கலாம், அதற்குள் நல்ல முடிவாகச் சொல்லுங்கள் என்றார். ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த நேரம்தான் அந்த ஆஸ்பத்திரி நாட்களிலேயே கொடுமை. கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்மேல் கோபமா, இரக்கமா என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

மூளையில் அடைப்பு எதுவும் இல்லை. அடுத்து சக்கர நாற்காலியில் காது சோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே நஸ்ரின் என்று ஒரு பெண், காதும் பேச்சும் படித்தவர். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார். கீச்சென்ற சத்தங்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது, வயதுக்கு இது சகஜம் என்றார்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தார். “ஐயா, ஒரே வாக்கியம்தான். ‘பஸ் வந்துருச்சு’ன்னு ஒருத்தங்க சொல்வாங்க. சந்தோஷமா சொல்றாங்களா, சோகமா, கோவமா, இல்ல சும்மாவான்னு சொல்லணும்.”

இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். பஸ் வந்துருச்சு. சும்மா என்றேன். பஸ் வந்துருச்சு. கோபம் என்றேன். பஸ் வந்துருச்சு. சும்மா. அப்படியே ஓடியது. நடுவில் திரும்பிப் பார்த்தால் கவிதா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நான் சும்மா என்று சொன்னதில் ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். கோபம் என்று சொன்னதில் ஒருத்தி குதித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அடுத்து நஸ்ரின் அதையே முகத்தோடு, வீடியோவாகப் போட்டார். இப்போது முக்கால்வாசி சரியாகச் சொன்னேன்.

“சத்தம் காதுக்குள்ள போறது ஒண்ணு, அதை மூளை பிரிச்சுப் பார்க்கிறது இன்னொண்ணு” என்றார் நஸ்ரின். “நாம பேசுறப்ப குரல் ஏறும், இறங்கும், நடுங்கும், இழுக்கும். அதுலதான் உணர்ச்சி இருக்கு. வயசாக ஆக அதைப் பிடிக்கிறது நிறையப் பேருக்குக் குறையுது. காது நல்லா இருக்குறவங்களுக்கும் குறையலாம். அப்ப மூளை என்ன பண்ணும்னா, வார்த்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். வார்த்தை என்ன சொல்லுதோ அதுதான் அர்த்தம்னு எடுத்துக்கும்.”

“வெள்ளெழுத்து மாதிரியா?”

“அப்படி வெச்சுக்கலாம். ஆனா இதுக்குக் கண்ணாடி கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவுல வராது. உங்களுக்கு நாடி மெதுவா ஓடின அசதியும் கூடச் சேர்ந்திருக்கலாம், இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். முகத்தைப் பார்த்துப் பேசுங்க, சந்தேகம்னா கேட்டுடுங்க. பாதி சரியாயிடும்.”

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். போயும் போயும் ஒரு கல்யாணத் தரகனுக்கா இது வர வேண்டும்? லால்குடி அம்மாவின் தேன் குரல் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் வீடு ஞாபகம் வந்தது. நம் வீடுகளில் பாசத்தை யார் வார்த்தையில் சொல்கிறார்கள்? பிள்ளை கீழே விழுந்தால் முதல் அடி அம்மாவிடமிருந்துதான் விழும். புருஷன் இருமினால், “மழையில நனையச் சொல்லி யாரு சொன்னா?” என்பதுதான் கஷாயத்துக்கு முன்னால் வரும். வார்த்தை பூராவும் திட்டு, பாசம் பூராவும் குரலில். குரல் கழன்று விழுந்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது வெறும் திட்டு. ஒரு வருஷமாக அதைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

பூங்கோதையை வரவழைத்தார்கள். அந்த அறையில் மாஸ்க்கைக் கழற்றலாம் என்று நஸ்ரின் சொன்னார். கழற்றினாள். முகம் வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. ஒரே நாளில் அவளுக்கு வயது கூடிவிட்டது போல இருந்தது. கவிதா நடந்ததைச் சொல்லி, ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொன்னதையும் சொன்னாள்.

“நான் போதும்னு சொன்னேன்னு சாகப் பார்த்தீங்களா?” என்றாள் பூங்கோதை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நஸ்ரின் குறுக்கே வந்தார். “அம்மா, இனிமே மனசுல என்ன இருக்கோ அதையும் வார்த்தையாச் சொல்லிடுங்க. கோவம்னா கோவம், கிண்டல்னா கிண்டல். அவருக்கு அது போதும்.”

“நாப்பது வருஷத்துக்கு மேல குடித்தனம் பண்ணியாச்சு. இப்பப் போய் இவருகிட்ட அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணுமா? சீ, வெக்கமா இருக்கும்மா.”

“சொல்லித்தான் ஆகணும்மா.”

பூங்கோதை என்னைப் பார்த்தாள். “கிறுக்கு மனுஷா” என்றாள். பிறகு நஸ்ரினைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்தபடி, “இது பாசம்” என்றாள். கவிதாவிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நடக்கும்போது முழித்துக்கொண்டுதான் இருந்தேன். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. தோளில் இழுக்கிறார்கள், அழுத்துகிறார்கள் என்று தெரிந்தது, வலி இல்லை. பேச்சுக் கொடுப்பதற்காக டாக்டர், எத்தனை கல்யாணம் முடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கே இல்லை என்றேன். “என் பையனுக்கும் ஒரு பொண்ணு பாருங்களேன்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இதுதான் சமயம் என்று நான் நேராகவே கேட்டேன். “சார், எனக்குக் குரல் பிடிபடாது. இது கிண்டலா, நிஜமா?” டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நிஜமாத்தாங்க. அவங்கம்மா ரெண்டு வருஷமா நச்சரிக்கிறாங்க” என்றார். நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு வரன் பிடித்த தரகன் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு வார்டில் இருந்த நாட்கள் கலகலவென்று போயின. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று உத்தரவு. கவிதா தலை வாரிவிட்டாள். பூங்கோதை இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டாள். ஊட்டும்போதே, “நல்லா ராஜபோகம்” என்பாள், நான் முகத்தைப் பார்ப்பேன், “கிண்டல், கிண்டல்” என்று அவசரமாகச் சேர்ப்பாள். நர்ஸ்களுக்கும் இது தொற்றிவிட்டது. “தாத்தா, ஊசி போடப்போறேன். இதுவும் பாசம்தான்” என்று ஒரு பெண் சொல்லிக் குத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தும் அது தொடர்ந்தது. முதலில் அவளுக்குக் கூச்சம், பிறகு பழகிவிட்டது. மளிகைக் கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டித்தான் கொடுப்பாள். ‘இது நிஜக் கோவம், ஃபேனை அணைக்கல.’ ‘இது சும்மா.’ தொழிலையும் நான் மாற்றிக்கொண்டேன். போனில் பேசி முடிவு செய்வதில்லை. நேரில் போய், முகத்தைப் பார்த்து, “பிடிச்சிருக்கா இல்லையா, வாயைத் திறந்து சொல்லிடுங்க, எனக்கு வயசாயிடுச்சு” என்று கேட்கிறேன். முதலில் நெளிகிறார்கள். பிறகு சொல்லிவிடுகிறார்கள். பெண் வீட்டாருக்கு இதில் எவ்வளவு நிம்மதி தெரியுமா?

போன மாதம் திருவெறும்பூர் பெண்ணுக்கே வேறொரு வரன் தகைந்தது. பேசி முடிக்கப் போயிருந்தேன். சபையில் சத்தம் வேண்டாம் என்று போனை அமுக்கி வைத்தவன், திரும்ப எடுத்துப் பார்க்க மறந்துவிட்டேன். பால்பண்ணை பக்கத்தில் போக்குவரத்து நெரிசல் வேறு. ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது விளக்கு வைத்து வெகு நேரமாகிவிட்டது.

எங்கள் தெரு முனை மெடிக்கல் ஷாப் வெளிச்சத்தில் பூங்கோதை நின்றுகொண்டிருந்தாள். செருப்புகூடப் போடவில்லை. என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள். “அறிவிருக்கா உங்களுக்கு? நெஞ்சுல மிஷினை வெச்சுகிட்டு ஊர் சுத்துற வயசா இது? போன் எதுக்கு, பூஜை பண்ணவா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

“கோவம்” என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். அந்தச் சொல் தனக்கே சரியாகப் படாத மாதிரி உதட்டைக் கடித்தாள். “இல்ல. கோவம் இல்லங்க. பயம்.”

மெடிக்கல் ஷாப்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கவனிக்கவில்லை.

“இன்னிக்கு மட்டும் இல்ல. கல்யாணமான புதுசுல நீங்க கடைசி பஸ்ல வருவீங்களே, அப்பலேர்ந்தே பயந்துகிட்டுத்தான் கத்தியிருக்கேன். பயமா இருக்குன்னு சொல்லத் தெரியல, அதான் திட்டினேன். எனக்கே இப்பத்தான் தெரியுது.”

அந்தக் காலத்தில் எனக்குக் காது பாம்புக் காது. ஊரார் வீட்டுக் குரலையெல்லாம் எடை போட்டுக்கொண்டு திரிந்தவன். இவள் கத்துவதைக் கேட்டு, விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறேன். இவள் பயந்தது ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லை.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு, கோதை” என்றேன். ஆஸ்பத்திரியில்கூட இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்காமல் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, வாங்க. வீட்டுக்குப் போய் ரெண்டு பேருமாச் சேர்ந்து பயப்படலாம். தோசை மாவு புளிக்குது” என்றாள்.